மத்தன் கேக் ஏன் களியாகிறது? மிஞ்சிய காயைக் கேக்கில் போடுவோருக்கு, கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆவணியில் வீட்டுப் பின்விளையில் நான்கு மத்தன் (மஞ்சள் பூசணி) விதை ஊன்றினோம். கார்த்திகை பிறப்பதற்குள் கொடி தென்னந்தடத்தைத் தாண்டி, கிணற்றுச் சுவரில் ஏறி, அடுத்த விளைக்கும் போய்விட்டது. எரிசேரி வைத்தோம், கூட்டு வைத்தோம், பாயசமும் வைத்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மத்தனைக் கொடுத்தால் இரண்டு தடியங்காய் (வெண்பூசணி) திரும்பி வந்தது. அவர்களுக்கும் அதே கதைதான். எங்கள் குமரி மாவட்டத்துத் தக்கலை சுற்றுவட்டாரத்தில் அந்த மாதம் காய் கொடுக்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை. எப்படியும் கிறிஸ்துமஸ் வருகிறது, தெருவெங்கும் கேக் வாசம். நாமும் ஓவனைத் துடைப்போம் என்று துணிந்தேன்.

முதல் கேக்கை வெட்டியதும் மைனி (அண்ணி) கேட்டாள்: “மக்கா, இது கேக்கா, களியா?”

அதற்குப் பிறகு மூன்று வருடங்களாக என்னென்ன கெட்டுப்போகுமோ அத்தனையும் எனக்குக் கெட்டுப்போயிருக்கிறது. உங்கள் கேக்கில் தெரிகிற கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். நான் எல்லாக் காய்க்கும் வைத்திருப்பது இது: மைதா 200 கிராம், சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 120 மில்லி, முட்டை 2, தண்ணீர் பிழிந்த காய் 200 கிராம், புளித்த தயிர் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, ஆப்பச் சோடா கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. வாசனைக்குச் சுக்கு, ஏலம், இரண்டு கிராம்பு பொடித்தது. எட்டு அங்குல நீள டின்னில் ஊற்றி, 170 டிகிரியில் 50 முதல் 55 நிமிடம். “பிழிந்த காய்” என்பதில் “பிழிந்த” என்ற சொல்லை விட்டுவிட்டு வாசித்தவர்களுக்காகத்தான் கீழே உள்ளதில் பாதியை எழுதியிருக்கிறேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

கேக்கின் அடியில் களி மாதிரி ஒரு பட்டை

மேலே பஞ்சு போல இருக்கிறது. அடியில் மட்டும் அரை அங்குலத்துக்கு வழவழவென்று, பளபளப்பாக, கத்தியில் ஒட்டுகிறது. காயில் இருந்த தண்ணீர்தான் இப்படிக் கீழே இறங்கி நிற்கிறது.

மத்தனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். தடியங்காயும் வெள்ளரிக்காயும் அதற்கும் மேலே. நூறு கிராமில் ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் “துருவிய காய் இரண்டு கோப்பை” என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் காய் வேறு, நம் காய் வேறு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையையும் குடித்து வளர்ந்த காய் நம்முடையது. கோப்பைக் கணக்கை விட்டுவிட்டுத் தராசை எடுங்கள்.

துருவிப் போடுகிற காய் என்றால் (தடியங்காய், சுரைக்காய், வெள்ளரி, பப்பாளிக்காய்): அரைக்கிலோ துருவலுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு விரவி இருபது நிமிடம் வையுங்கள். பிறகு சுத்தமான தோர்த்தில் (துண்டில்) கட்டி, துணி துவைத்துப் பிழிகிற மாதிரி முறுக்கிப் பிழியுங்கள். கைக்குள் வைத்து அமுக்கினால் போதாது. தடியங்காய் எடையில் பாதிக்கும் கீழே வந்துவிடும். அதற்குப் பிறகுதான் 200 கிராம் நிறுக்க வேண்டும். உப்பு விரவியதால் மாவில் போடுகிற உப்பை விட்டுவிடுங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்ட மனம் வராது. சப்பாத்தி மாவு பிசைந்தால் சரியாகப் போகும்.

மத்தன் விழுது வேறு வழி. குக்கரில் தண்ணீர் விட்டு வேகவைத்தவர்களுக்குக் களி நிச்சயம். ஆவியில் அவித்தாலும் ஓரளவு நீர் கோக்கும். நான் காயை இரண்டாகப் பிளந்து, விதை எடுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 190 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுடுகிறேன். சதையை வழித்து மசித்து, உருளியில் போட்டுச் சின்னத் தீயில் கிளறுங்கள். கரண்டியால் நடுவே ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். அல்வா கிளறுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறிய பிறகே மாவில் சேருங்கள். சூட்டோடு போட்டால் முட்டை திரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் பட்டை வருகிறதா? அப்படியானால் களி அடியில் மட்டும் இருக்கிறதா, கேக் முழுவதும் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் மட்டும் என்றால் இன்னும் தண்ணீர் மிச்சம், அல்லது துருவல் கனமாக இருந்து கீழே படிந்துவிட்டது. சின்னத் துளையில் துருவி, மைதாவில் ஒரு கை எடுத்து அதில் புரட்டிப் போடுங்கள். முழுவதும் என்றால் வேகவில்லை, அல்லது மாவை அடித்து அடித்துப் பசையாக்கிவிட்டீர்கள். மைதா சேர்த்த பிறகு கரண்டியால் பதினைந்து இருபது முறை புரட்டினால் போதும். அங்கங்கே மாவுத் திட்டு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

களியாகிப்போன கேக்கைத் தூர எறிய வேண்டாம். விரல் கனத்துக்கு வெட்டி, 150 டிகிரியில் இருபது நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் பத்து நிமிடம் காயவிட்டால் காப்பிக்கு ரஸ்க் ஆகும். மைனி அதைத்தான் இன்றும் கேட்டு வாங்குகிறாள்.

நடுவில் குழி விழுந்துவிட்டது

ஓவனுக்குள் அழகாக எழும்பி நின்றது, வெளியே எடுத்ததும் நடு உட்கார்ந்துவிட்டது. மூன்று காரணம் உண்டு.

பேக்கிங் பவுடரும் சோடாவும் கூடிவிட்டன. “காய் கனமாயிற்றே, கொஞ்சம் கூடப் போடுவோம்” என்று கை நீண்டிருக்கும். வேகமாக எழும்பும், தாங்குகிற வலு இராது, விழும்.

அல்லது அரைமணி நேரத்துக்குள் கதவைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்.

அல்லது கரண்ட் போய்விட்டது. மழைக்காலத்தில் இதுதான் நமக்குப் பெரிய வினை. போன உடனே கதவைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற சூட்டை அப்படியே காப்பாற்றுங்கள். பத்து நிமிடத்தில் வந்தால், போன நேரத்தையும் கூட்டி இன்னும் கொஞ்சம் வைத்து முடிக்கலாம். வரவில்லை என்றால் அடிகனமான அலுமினியப் பானையில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, மூடி, காஸ் அடுப்பில் சூடாக்கி, டின்னை அதற்குள் இறக்குங்கள். ஓவன் வருவதற்கு முன் பல வீடுகளில் கேக் வெந்தது இப்படித்தான். மேல் பக்கம் சிவக்காது, ஆனால் வேகும். கரண்ட் வரும் போகும் என்று தெரிகிற நாளில் பெரிய டின்னை எடுக்காமல் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள். இருபது நிமிடத்தில் வேலை முடியும்.

மேலே கருகுகிறது, உள்ளே பச்சை மாவு

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டிருப்பீர்கள். தப்பில்லை, நானும் போடுவேன். மத்தனுக்கும் கருப்பட்டிக்கும் உள்ள ஒட்டுறவு சர்க்கரைக்கு வராது. ஆனால் அது சீக்கிரம் கறுக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். 160 டிகிரிக்கு இறக்கி, டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து, அரைமணி கழித்து மேலே அலுமினியத்தாள் போர்த்துங்கள். கருப்பட்டியை அப்படியே தட்டிப் போடாமல், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் தூசி போக வடிகட்டி, பாகைக் கெட்டியாக்கி ஆறவிட்டுச் சேருங்கள். அதில் நின்ற தண்ணீரும் தண்ணீர்தான், கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்று. வெல்லம் புளிப்புள்ளது, அதனால் சோடா தானே வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். பதநீர் இறக்குகிற கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அது புளிப்பை முறித்துவிடும். சோடாவுக்குத் துணையாகக் கருப்பட்டியை நம்பாமல் தயிரை நம்புங்கள்.

வெந்ததா என்று பார்க்க நான் புதுத் தென்னை ஈர்க்கில் ஒன்றைக் குத்திப் பார்ப்பேன். காய் கேக்கில் இது ஏமாற்றும்: மத்தன் துணுக்கில் குத்தினால் வெந்த கேக்கும் ஈரமாகக் காட்டும். மூன்று இடத்தில் குத்துங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும். அது பொய் சொல்லாது.

கசக்கிறது

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

சுரைக்காய், வெள்ளரி, புடலை, மத்தன் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தில் சில காய்கள் கசப்பு நஞ்சோடு விளையும். குக்குர்பிட்டசின் என்று பெயர். தானாக முளைத்த கொடியிலும், தண்ணீர் காணாமல் வாடி நின்ற கொடியிலும் இது அதிகம் வரலாம். வேகவைத்தாலும், பேக் செய்தாலும், சர்க்கரை கூடப் போட்டாலும் இந்த நஞ்சு போகாது. சர்க்கரை கசப்பை மறைக்கும், அதுதான் ஆபத்து. கசந்த சுரைக்காய் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்திவரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஆகவே துருவும் முன் ஒவ்வொரு காயிலும் ஒரு நறுக்கை நாக்கு நுனியில் வைத்துத் துப்புங்கள். கசந்தால் அந்தக் காய் முழுவதும் குப்பைக்கு. கேக் ஆன பிறகுதான் கசப்புத் தெரிந்தது என்றால் கேக்கும் குப்பைக்கு. போட்ட முட்டைக்காக வருத்தப்பட வேண்டாம்.

மரச்சீனியிலும் (மரவள்ளிக்கிழங்கு) இதே கண்டிப்பு வேண்டும். மேல்தோலோடு உள்ளே இருக்கிற தடித்த தோலையும் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, தண்ணீரை ஊற்றிக் கொட்டுகிற நம் வீட்டுப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. அதிலுள்ள சயனைடு அந்த வழியாகத்தான் குறைகிறது. பச்சை மரச்சீனியைத் துருவிக் கேக் செய்கிற நாடுகள் உண்டு. நான் செய்யமாட்டேன். வேகவைத்து மசித்ததைத்தான் போடுகிறேன். வெந்த பிறகும் கசந்தால் கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

பப்பாளிக்காய்க் கசப்பு வேறு வகை. பச்சைத் துருவலில் இருக்கிற பப்பாயின் என்ற நொதி, பாலோடு சேர்ந்து நின்றால் பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும், மாவும் இளகும். துருவலைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்துப் பிழிந்தால் தீர்ந்தது.

கசப்போடு சோப்பு மாதிரி ஒரு வழுவழுப்பும், அங்கங்கே பழுப்புப் புள்ளியும் தெரிந்தால் ஆப்பச் சோடா கட்டியாகக் கிடந்திருக்கிறது. மைதாவோடு சலியுங்கள்.

தொண்டை கரகரக்கிறது

சேம்பையோ சேனையையோ பச்சையாகத் துருவிப் போட்டீர்களா? ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குத்துகின்றன. புளித்தண்ணீரில் நன்றாக வேகவைத்து வடித்த பிறகுதான் எதிலும் சேர்க்கலாம். என்னைக் கேட்டால், சேனைக்கு எரிசேரியும் சேம்புக்குப் புளிக்கறியும் இருக்கின்றன. கேக்கு அவற்றின் வேலை இல்லை.

நிறம் மாறிவிட்டது

ஊதாக் காச்சில் கிழங்கைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு வருடம் கேக் செய்தேன். மாவு கலக்கும்போது பட்டுப்புடவை நிறம். வெந்து வந்தது சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம். பிள்ளைகள் கிட்டே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் செம்பருத்திப் பூவைத் தாளில் தேய்த்து, எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையடிக்கும் என்று காட்டினார்களே, அதே கதைதான். காச்சிலின் ஊதாவும் அந்தோசயனின் என்ற அதே வகைச் சாயம். சோடா காரம் என்பதால் நிறம் மாறியது. சோடாவை எடுத்துவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போட்டு, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ஊதா பெரும்பாலும் நிற்கும்.

பீட்ரூட்டின் சிவப்பு வேறு சாயம். அது சூட்டிலேயே மங்கும், காரத்தில் இன்னும் மோசம். சோடா வேண்டாம், தயிர் கூட வேண்டும், வேகவைக்காமல் பச்சையாகத் துருவிப் போட வேண்டும். அப்படியும் மேல்தோல் பழுப்பாகத்தான் வரும். கோக்கோ இரண்டு கரண்டி போட்டு, முதலிலேயே சாக்லேட் கேக் என்று சொல்லிவிடுவது நல்லது.

மரச்சீனிக் கேக் மறுநாள் கல்லாகிறது

வெந்த மாச்சத்து ஆறியதும் இறுகும் தன்மை உடையது. குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். தேங்காய்ப்பால் விட்டுச் செய்து அன்றைக்கே தின்று தீர்ப்பதுதான் முறை. மிஞ்சினால் ஆவியில் ஐந்து நிமிடம் காட்டுங்கள், இளகும்.

தேங்காய் எண்ணெயில் செய்த எந்தக் கேக்கும் குளிர்பெட்டியில் கல்லாகும். 24 டிகிரிக்குக் கீழே அந்த எண்ணெய் உறைந்துவிடும். கேக் கெடவில்லை, வெளியே அரைமணி வையுங்கள்.

மத்தன் பன் மாவு கையில் பாகு மாதிரி ஒட்டுகிறது

நீங்கள் எடுத்த பன் குறிப்பில் சொன்ன பாலை முழுவதும் ஊற்றியிருக்கிறீர்கள். கால் பங்கை எடுத்து வைத்துவிட்டு, விழுதைச் சேர்த்துப் பிசைந்து பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் அந்தக் கால் பங்கு தேவைப்படாது. ஒட்டுகிறதே என்று மைதாவை அள்ளி அள்ளிப் போட்டால் பன் கல்லாகும். கையில் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள்.

எழும்பவே இல்லையா? ஈஸ்ட்டைக் கொதிக்கிற விழுதில் போட்டுச் சாகடித்திருக்கலாம். அல்லது கிராம்பு கூடியிருக்கலாம். கிராம்பும் பட்டையும் ஈஸ்ட்டை மந்தமாக்கும். எங்கள் மாவட்டத்து மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு என்றால் இன்னும் கவனம். 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது, எண்ணெய்ச் செழிப்புள்ளது. கடையில் கிடக்கிற பழைய கிராம்பில் நான்கு போடுகிற இடத்தில் இதில் இரண்டு போதும்.

ஒரு மணி நேரம் என்று குறிப்பில் இருந்தாலும் நம் ஊர்ச் சூட்டில் நாற்பது நிமிடத்திலேயே மாவு இரட்டிக்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள்.

இரண்டாம் நாளே பூசணம்

சூடாக டப்பாவில் மூடியிருக்கிறீர்கள். முழுக்க ஆற இரண்டு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குளிர்பெட்டியில் நான்கைந்து நாள், துண்டு போட்டு உறையவைத்தால் இரண்டு மாதம்.

எல்லாம் சரியாக வந்தது, காய் மட்டும் தீரவில்லை

எதை முதலில் என்று தெரியாமல் கையில் அகப்பட்டதைச் சுட்டுக்கொண்டிருப்பீர்கள். மரச்சீனி பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும், அதை முதலில் முடியுங்கள். வெள்ளரி, சுரை, பப்பாளிக்காய் அந்த வாரத்துக்குள். புடலையும் வழுதலங்காயும் (கத்திரிக்காய்) வெண்டையும் கேக்குக்கு ஆகாது. வழுதலங்காயைத் தீயலுக்கே விடுங்கள்.

துருவலை உறையவைக்கலாம், ஆனால் பனிக்கட்டி காயின் திசுவைக் கிழித்துவிடுவதால் இளகும்போது மறுபடியும் தண்ணீர் விடும். முன்பு பிழிந்திருந்தாலும் இன்னொரு முறை பிழிந்து, இன்னொரு முறை நிறுங்கள். மத்தன் விழுதை 200 கிராம் வீதம் பையில் போட்டுத் தட்டையாக்கி அடுக்கினால் ஒரு பைக்கு ஒரு கேக்.

நன்றாக முற்றிய மத்தனுக்கும் சாம்பல் பூத்த தடியங்காய்க்கும் அவசரமே இல்லை. காம்பை இரண்டு அங்குலம் விட்டு அறுத்து, கழுவாமல், காற்றோட்டமான இடத்தில் ஒன்றை ஒன்று தொடாமல் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். எங்கள் வீட்டில் அட்டத்தில் (பரணில்) இப்போது ஏழு இருக்கின்றன. காம்படி மெத்தென்று ஆகிறதா என்று வாரம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். எது மெத்தென்று ஆகிறதோ அதை அன்றைக்கே இறக்கிவிடுவேன்.